மாஸ்டரின் வலது கால்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஊரில் தெரியாத தெரு கிடையாது. எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எந்த சிக்னலில் பச்சை கண்ணை மூடித் திறப்பதற்குள் மறையும், எந்த வளைவில் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் வருவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள்தான். பயிற்சிப் பள்ளிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. பல வருடங்களாக அந்த பிரேக்கை மிதித்து மிதித்து அவருடைய வலது காலுக்குத் தனியாக ஒரு மூளை முளைத்திருந்தது. யார் ஓட்டினாலும், எங்கே உட்கார்ந்திருந்தாலும், முன்னால் ஏதாவது வந்தால் அந்தக் கால் தானாகத் தரையை மிதித்துவிடும்.

இன்னொரு பெருமை அவருடைய மீசை. இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட, கறுகறுவென்ற மீசை. புதிதாகச் சேருகிறவர்கள் பாதி அந்த மீசைக்கே பயந்து ஒழுங்காக ஓட்டுவார்கள் என்பது அவருடைய கணக்கு.

வீடு ஊரின் ஒரு கோடியில், பயிற்சி மைதானம் மறு கோடியில். பள்ளிக் கார் மைதானத்திலேயே நிற்கும். மாஸ்டர் தினமும் தன் சொந்தக் காரில் தனி ராஜாவாகப் போய் வருவார். கப்பல் மாதிரி நீளமான பழைய கார். அதில் ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம். உட்கார்ந்தது என்னவோ பெரும்பாலும் அவர் ஒருவர்தான்.

அவர் மனைவிக்குக் காற்றுப் பரிசோதனை நிலையத்தில் வேலை. உயரமான கட்டடங்களின் மொட்டை மாடிகளில் வைத்திருக்கும் கருவிகளில் வெள்ளை வடிகட்டித் தாளை மாற்றி, பழைய தாளைப் பத்திரமாக எடுத்துவந்து சோதிக்க வேண்டும். பால் வெள்ளையாகப் போட்ட தாள் மறுநாள் அடுப்புக்கரி நிறத்தில் வரும். அதைத் தினமும் பார்க்கிறவர் என்பதால், போக்குவரத்தைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்தாலே அவருக்குக் குரல் ஒரு சுற்று உயரும்.

"உங்க ஒருத்தர இழுத்துட்டுப் போக ஒன்றரை டன் இரும்பு எதுக்குங்க?" என்பார்.

"அந்த இரும்புதான் நமக்குச் சோறு போடுது."

"சோறு போடறது ஸ்கூல் கார். இது சும்மா ஊர்வலம் போற கார்."

மனைவி தன் கைப்பேசியில் ஒரு செயலி வைத்திருந்தார். போக வேண்டிய இடத்தைச் சொன்னால் பஸ், ரயில், வாடகைச் சைக்கிள், அந்தப் பக்கம் போகிற யாருடைய காரிலாவது காலியாக இருக்கும் இருக்கை என்று எல்லாவற்றையும் கோத்து ஒரு வழி சொல்லும். போய் இறங்கியதும், தனிக் காரில் போகாததால் எவ்வளவு புகை மிச்சம் என்று பச்சை இலை ஒன்றைக் காட்டும். மனைவியின் கணக்கில் ஒரு தோப்பே சேர்ந்திருந்தது. மாஸ்டர் அதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. "எனக்கே வழி சொல்ல ஒரு ஃபோனா?" என்பதோடு சரி.

சண்டை மூண்டது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மனைவியின் தங்கை புது வீட்டுக்குக் குடிபோய், இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். மாஸ்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மனைவி தோளில் பையை மாட்டிக்கொண்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, பாலத்துல வேலை நடக்குதாம். காரு நகராது. ரயில்ல போயிட்டு, அங்கேருந்து சைக்கிள் எடுத்துக்கலாம்."

"பாலமா? நான் பாலத்துக்குக் கீழயே புகுந்து போயிடுவேன். உன் ரயிலு அங்க இங்க நின்னு மூச்சு வாங்கி வர்றதுக்குள்ள நான் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பேன்."

"பாக்கலாமா?"

"பாக்கலாம். நீ எனக்கு முன்னாடி போய்ச் சேந்துட்டா என் மீசைய எடுத்துடறேன்."

"உங்க மீசைய வெச்சுட்டு நான் என்ன பண்ண? தோத்தா ஒரு மாசம் தனியா கார எடுக்கக் கூடாது. நான் சொல்ற ஆப்லதான் போகணும்."

"ரெண்டும்!" என்றார் மாஸ்டர். ரோஷம் வந்துவிட்டால் அவருக்கு நிதானம் இருக்காது. "மீசையும் எடுக்கறேன், காரையும் விடறேன். கெளம்பு!"

பாலத்துக்குக் கீழே புகும் சந்தில் ஒரு சிமெண்ட் லாரி குறுக்கே நின்றுகொண்டிருந்தது. அதைத் தவிர்க்க அவர் எடுத்த தெருவை, அவரைப் போலவே ஊரைக் கரைத்துக் குடித்த இன்னும் பல பேர் எடுத்திருந்தார்கள். முன்னாலும் பின்னாலும் கார்கள். எல்லாவற்றிலும் ஒற்றை ஆள். பக்கத்துக் காரில் இருந்தவர் தன்னைப் போலவே ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் மாஸ்டருக்கு எரிச்சலாக வந்தது. ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்து, வண்டி நிறுத்த இடம் தேடி அந்தத் தெருவை மூன்று முறை சுற்றி, கடைசியில் ஒரு மருந்துக்கடை முன்னால் விட்டுவிட்டு வியர்க்க விறுவிறுக்க மாடியேறினார்.

கதவைத் திறந்தது சகலை. ஒரு தட்டில் சவரக் கத்தி, சோப்பு, மடித்த துண்டு எல்லாவற்றையும் வைத்து நீட்டினார். உள்ளே சோபாவில் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. சாப்பிட்டுக் கை கழுவிட்டீங்களா?" என்றார்.

மாஸ்டர் சொன்ன சொல் தவறாதவர். சகலை வீட்டுக் குளியலறையிலேயே காரியம் முடிந்தது. வெளியே வந்தவரைப் பார்த்து மைத்துனி வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவிக்கோ சிரிப்பு ஒரு பக்கம், என்னவோ பாவமாக இருந்தது ஒரு பக்கம். கல்யாணத்துக்கு முந்தைய புகைப்படத்தில் மட்டுமே பார்த்திருந்த மேலுதடு அது.

திங்கட்கிழமை பயிற்சிப் பள்ளியின் அலுவலகத்தில் நுழைந்தபோது அங்கே வேலை செய்யும் பெண், "யாரப் பாக்கணும் சார்? மாஸ்டர் இன்னும் வரல," என்றாள்.

ஆனால் அதற்கு முன்பே அன்று காலையில் ஒன்று நடந்துவிட்டது.

பயிற்சி மைதானம் இருந்த பக்கம் பஸ் குறைவு. அதனால் செயலி அவருக்கு வழியில் போகும் ஒரு காரில் முன் இருக்கையைக் காட்டியது. அதில் எல்லாருக்கும் புனைபெயர்தான். மனைவி அவருக்கு 'மீசை' என்று பெயர் போட்டிருந்தார். வேண்டுமென்றேதான். காரோட்டியின் பெயர் 'லென்ஸ்' என்று இருந்தது. தெருமுனையில் சின்ன வெள்ளைக் கார் வந்து நின்றது. கண்ணாடி கீழே இறங்கியது.

"மீசையா? மீசையே காணோமே?" என்றார் ஓட்டி வந்த பெண்மணி.

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த முகத்தை அவருக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன்னால் அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர். மூன்று முறை தேர்வுக்குப் போய் மூன்று முறையும் திரும்பி வந்தவர். ஒரு நாள் பெரிய நாற்சந்தியின் நடுவில் வண்டியை அணைத்துவிட்டு அழுதவர். அன்று மைதானத்துக்குத் திரும்பியதும் மாஸ்டர் மற்ற மாணவர்கள் முன்னாலேயே கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா, உங்களுக்கும் ஸ்டியரிங்குக்கும் ஏழாம் பொருத்தம். நீங்க பேசாம நடந்தே போயிடுங்க," என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பெண்மணி வரவில்லை.

"வளந்துட்டு இருக்கு," என்றார் மாஸ்டர், குரலை மாற்றி.

பின் இருக்கையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும், மடி நிறைய வண்ணக் காகிதங்களோடு ஒரு மழலையர் பள்ளி டீச்சரும் இருந்தார்கள். கார் கிளம்பியது. பெண்மணி மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னார். பட்டறை பயிற்சி மைதானத்துக்கு அடுத்த தெருவில்தான். நல்லவேளையாக அவருக்கு மாஸ்டரை அடையாளம் தெரியவில்லை. மீசை போனதிலும் ஒரு நன்மை.

அந்த அம்மாள் நன்றாகவே ஓட்டினார். அவசரம் இல்லை, பதற்றம் இல்லை. ஆனாலும் முன்னால் ஒரு நாய் ஓடியபோது மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. பஸ் ஒன்று ஒடித்துத் திரும்பியபோது இன்னொரு முறை. வாய் வேறு சும்மா இருக்கவில்லை. "இண்டிகேட்டர்... பாத்து பாத்து... செகண்டுக்கு வாங்க..." என்று முணுமுணுத்தது. மைதானத்துக்கு முந்தைய டயர் கடை முனையிலேயே, "நான் இங்கேயே இறங்கிக்கிறேன்," என்று தாவி இறங்கி, கடைக்குள் ஏதோ வாங்கப் போகிறவர் மாதிரி நின்றுவிட்டு, கார் மறைந்ததும் நடந்தார்.

பயணம் முடிந்ததும் ஒருவருக்கொருவர் நட்சத்திரம் கொடுக்கலாம். அன்று மாலை மனைவி அதைத் திறந்து பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"என்னவாம்?"

"ரெண்டு நட்சத்திரம். 'நல்ல மனிதர். ஆனால் கூடவே ஓட்டுகிறார்'னு எழுதியிருக்காங்க."

ஊருக்கெல்லாம் மதிப்பெண் போட்ட மனிதருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து அவர் காலை மடக்கி உட்கார்ந்து பார்த்தார். பையைக் காலுக்கடியில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. அதே சமயம் இன்னொரு விஷயமும் நடந்தது. அந்தக் காரில் போவது அவருக்குப் பிடிக்க ஆரம்பித்தது. லிஃப்ட் மெக்கானிக் ஒவ்வொரு நாளும் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று கதை கதையாகச் சொல்வார். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு அதற்குள்ளேயே சமாதானமாகிப்போன புருஷன் பெண்டாட்டி கதையை அவர் சொன்னபோது மாஸ்டர் இறங்க மறந்துவிட்டார். டீச்சர் தன் வகுப்புக் குழந்தைகளுக்காக வெட்டும் காகிதப் பறவைகளுக்கு மாஸ்டர் ஓரத்தைப் பிடித்துக்கொடுப்பார். இத்தனை வருடம் இதே சாலையில் தனியாக, வானொலியோடு சண்டை போட்டுக்கொண்டு போனதை நினைத்தால் அவருக்கே அசட்டுத்தனமாக இருந்தது. கைப்பேசியில் ஒவ்வொரு நாளும் ஓர் இலை துளிர்த்தது. யாரும் பார்க்காதபோது அதை எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

ஆனால் மீசை மட்டும் வளரவில்லை. அதாவது, அவர் வளரவிடவில்லை. தினமும் காலையில் முதல் வேலையாக வழித்துவிடுவார்.

"பந்தயத்துக்கு ஒரு தடவதானே எடுக்கணும்? ஏங்க இப்படித் தெனமும் வழிக்கிறீங்க?" என்று மனைவி கேட்டார்.

"காத்தோட்டமா இருக்கு."

"உங்களுக்கா? சோத்த விட்டாலும் மீசைய விடாத ஆளாச்சே!" மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மாஸ்டர் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை, ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கிடம் அன்று கதை தீர்ந்துபோயிருந்தது.

"அக்கா, நீங்க எங்க கத்துக்கிட்டீங்க? இவ்வளவு பூ மாதிரி ஓட்டறீங்களே?" என்று அவர் கேட்டார்.

"அத ஏன் கேக்கறீங்க தம்பி. முதல்ல ஒரு மாஸ்டர்கிட்ட போனேன். மனுஷனா அது? இவ்வளவு பெரிய மீசை. நான் வண்டில ஏறினதும் அந்த மீசைதான் முதல்ல உள்ள வரும், அப்புறந்தான் அவரு வருவாரு."

பின் இருக்கையில் சிரிப்பு. மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே சரக்கு ரயிலையே வெறித்தார்.

"கிளட்ச்! கிளட்ச்! உங்க வீட்டு அம்மிக் கல்லா அது, இப்படிப் போட்டு அமுக்கறீங்க!" அந்த அம்மாள் குரலைக் கட்டையாக்கி, இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினார். அப்படியே அச்சு அசல். டீச்சர் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "கடைசில என்ன சொன்னாரு தெரியுமா? நடந்தே போயிடுங்கம்மான்னாரு. நானும் ரோஷத்துல ரெண்டு வருஷம் நடந்தேன். உடம்புக்கு நல்லதுதான், அது வேற விஷயம். அப்புறம் வேற ஸ்கூல்ல சேந்து முதல் தடவையே பாஸ் பண்ணிட்டேன்."

"அந்த ஆளு இப்ப எங்க இருப்பாரு?" என்றார் மெக்கானிக்.

"எங்க இருப்பாரு? எங்கயாவது யாரு பக்கத்துலயாவது உக்காந்து கால தரையில ஊனிட்டு இருப்பாரு."

அந்த நேரம் பார்த்து முன்னால் நின்ற ஆட்டோ பின்பக்கமாகக் கொஞ்சம் உருண்டது. சொல்லி வைத்தாற்போல மாஸ்டரின் வலது கால் தடாரென்று தரையை மிதித்தது.

மூன்று பேரும் அந்தக் காலையே பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார், அது யாருடையதோ என்பது மாதிரி. முகத்தில் ஈயாடவில்லை.

"எப்பலேருந்து தெரியும்?" என்றார் கடைசியில்.

"முதல் நாள் நாய் குறுக்க வந்தப்பவே. மீசைய எடுத்துட்டா தெரியாதா? எனக்கு உங்க மூஞ்சி எங்க ஞாபகம் இருக்கு மாஸ்டர், அந்தக் கால்தான் ஞாபகம் இருக்கு."

"அப்புறம் ஏன் தெனமும் ஏத்திக்கிட்டீங்க?"

"இருக்கற ஒரு சீட்டு காலியா போகுதேன்னுதான். அப்புறம்..." அவர் சிரித்தார். "நீங்க பக்கத்துல உக்காந்து, ஒண்ணும் பண்ண முடியாம, சும்மா தரைய மிதிக்கறதப் பாக்க எவ்வளவு ஆனந்தமா இருந்துச்சு தெரியுமா!"

கேட் திறந்தது. கார் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு அவர் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல மாஸ்டர். ஆனா ஒரு விஷயம் சொல்லணும்னு நெனச்சிருந்தேன். நான் பிரேக் போடணும்னு நெனைக்கிறதுக்குள்ள நீங்க போட்டுருவீங்க. ஒவ்வொரு தடவையும். என் கால் வேலையே இல்லாம நின்னுச்சு. அப்புறம் டெஸ்ட்டுல நீங்க இல்ல. என் காலுக்கு எப்பப் போடணும்னு எப்படித் தெரியும்?"

அன்று மாஸ்டர் டயர் கடையில் இறங்காமல் மைதானத்து வாசல்வரை போய் இறங்கினார். மறுநாள் சவரக் கத்தியையும் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் லென்ஸ் அம்மாளின் கார் வருடாந்தரப் பரிசோதனைக்குப் போனது. வரத் தாமதமாகும் என்றார்கள். செயலியின் அரட்டைப் பகுதியில், "நாளைக்கு வண்டி இல்லை, மன்னிக்கவும்," என்று அவர் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு மாஸ்டர் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"இந்தா பாரு, ஒரு சந்தேகம். பந்தயப்படி நான் கார எடுக்கக் கூடாது."

"ஆமா."

"மூணு பேர ஏத்திக்கிட்டுப் போனா?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "தனியா எடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். ஆளோட போனா அது கார். தனியாப் போனாத்தான் ஊர்வலம். எடுத்துக்கங்க."

மறுநாள் காலையில் மாஸ்டர் அந்தக் கப்பலைக் கழுவித் துடைத்து நிறுத்தினார். பின் இருக்கையில் இத்தனை வருடமும் யாரும் உட்காராததால் அது புதுசு மாதிரி இருந்தது. மெக்கானிக், "கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு சார்!" என்று காலை நீட்டிக்கொண்டார். லென்ஸ் அம்மாள் முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார்.

கிளம்பிய நிமிடத்திலிருந்து ஆரம்பித்தது.

"இண்டிகேட்டர்," என்றார் மெக்கானிக்.

"கண்ணாடி பாத்தீங்களா சார்?" என்றாள் டீச்சர்.

"பாத்து பாத்து, நாய்," என்றார் லென்ஸ் அம்மாள். நாய் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்தது.

விளையாட்டுதான். மாஸ்டரும் சிரித்தார். ஆனாலும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார். அவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்தது இல்லை. மனைவி வந்தாலும் தூங்கிவிடுவார். இப்போது மூன்று ஜோடிக் கண்கள். போதாததற்கு இறங்கியதும் நட்சத்திரம் வேறு போடுவார்கள். பெரிய நாற்சந்தியில் சிவப்பு விழுந்தது. பச்சை வந்ததும் கிளட்சைச் சற்று முந்தி விட்டுவிட்டார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

எத்தனையோ வருடங்களில் அவர் கையில் வண்டி அணைந்தது அதுதான் முதல் தடவை.

அவசரமாகச் சாவியைத் திருப்பினார். வண்டி கியரிலேயே இருந்தது. மறுபடி குலுக்கல், மறுபடி அமைதி. பின்னால் ஒரு ஹாரன், அப்புறம் பத்து ஹாரன். ஒரு பஸ் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "யாரப்பா உனக்கு லைசன்ஸ் குடுத்தது!" என்று கத்தினார். மாஸ்டருக்குக் காதெல்லாம் சுட்டது. கிளட்ச் எது, பிரேக் எது என்றே ஒரு கணம் மறந்தது. யாராவது ஒரு வார்த்தை சொன்னாலும் உடைந்துபோவார் என்கிற நிலை.

லென்ஸ் அம்மாள் செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் தூக்கி இருக்கையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நிதானமா மாஸ்டர்," என்றார். "அவங்க அடிக்கட்டும். ஹாரன் அவங்களுது, வண்டி நம்மளுது. நியூட்ரல்லேருந்து ஆரம்பிங்க."

அவ்வளவுதான் சொன்னார். மாஸ்டர் மூச்சை இழுத்துவிட்டார். நியூட்ரல். சாவி. முதல் கியர். கார் வெண்ணெயாக நகர்ந்தது. நாற்சந்தியைத் தாண்டியதும் பின்னால் இருந்த இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

கொஞ்ச தூரம் தாண்டி, நிழலாக இருந்த ஓர் இடத்தில் மாஸ்டர் வண்டியை ஓரங்கட்டினார்.

"அன்னைக்கு உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்றார்.

"இதவிட மோசம். எனக்குப் பக்கத்துல நீங்க இருந்தீங்களே!"

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "தப்புதாம்மா. எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கங்க," என்றார்.

"சரி சரி, வண்டிய எடுங்க. எனக்குப் பட்டறை தெறக்கணும்," என்றார் அந்த அம்மாள். அன்று மாலை மாஸ்டருக்கு நான்கு நட்சத்திரம் வந்திருந்தது. "வண்டி அணைந்தாலும் ஆள் அணையவில்லை" என்று எழுதியிருந்தார்கள்.

அந்த மாதம் முடிந்தபோது மனைவி, "உங்க தண்டனை தீந்துடுச்சு. சாவிய எடுத்துக்கங்க," என்றார். மாஸ்டர் சாவியை எடுக்கவில்லை. செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு, அதில் ஊர்ப் படத்தின் மேல் ஓடும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதப் பாரேன். நாலு பேரு ஒரே பக்கம் போனா ஒரே வண்டியில கோக்குது. நான் என்ன பண்றேன்? வடக்க ஒருத்தர ஏத்தறேன், கத்துக்குடுக்கறேன், வீட்டுல விடறேன். அப்புறம் காலி வண்டிய ஓட்டிட்டுத் தெக்க போயி இன்னொருத்தர ஏத்தறேன். பாதி நாளு காலி வண்டிதான் ஓடுது. ஸ்கூலு நடத்தறேனா, புகை விக்கிறேனா?"

மனைவி ஒரு டம்ளர் காபியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். இந்த வார்த்தைக்காக அவர் எத்தனை வருடம் காத்திருந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இருவருமாக உட்கார்ந்து மாணவர்களை வழிவாரியாகப் பிரித்தார்கள். ஒரே பக்கத்தில் இருக்கும் மூன்று பேர் ஒரே வண்டியில். ஒருவர் ஓட்ட, இருவர் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். முதலில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். காசு கொடுத்துவிட்டுப் பின்னால் உட்காருவதா என்றார்கள். ஆனால் அடுத்தவர் செய்யும் தப்பைப் பார்த்து, தன் முறை வருவதற்குள் அதைத் திருத்திக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. சில பேர் நண்பர்களாகி, லைசன்ஸ் வாங்கிய பிறகும் ஒரே காரில் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். அந்தக் கப்பல் கார் எப்போதும் ஐந்து பேராகச் சுற்றுலா போகும் ஒரு குடும்பத்துக்குக் கைமாறியது. அது போன இடத்தில் மனைவி ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மதியத் தூக்கத்துக்கு வைத்துக்கொண்டார்.

இப்போது மாஸ்டரிடம் ஒரு தையல்காரர் கற்றுக்கொள்கிறார். பருமனான ஆள், பயந்த சுபாவம். ஊசியில் நூல் கோக்கும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் தந்தி அடிக்கும். போன வாரம் அவர் சந்தைக்கு எதிரே, காய்கறி வண்டிகளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் வண்டியை அணைத்துவிட்டார்.

"மாஸ்டர், நீங்க எடுத்துடுங்க மாஸ்டர்! எனக்கு இது சரிப்பட்டு வராது!" என்று அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினார்.

மாஸ்டரின் மீசை நன்றாக வளர்ந்திருந்தது. அதை ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டு, பெடலிலிருந்து காலை எடுத்து மடக்கி வைத்தார்.

"நான் எங்கயும் போகல. உங்க வண்டி, நீங்கதான் எடுக்கணும். அவசரமே இல்ல," என்றார்.

"எல்லாரும் திட்டறாங்க மாஸ்டர்!"

"திட்டட்டும். அவங்களுக்கும் ஒரு நாள் உங்ககிட்டதான் சட்டை தைக்கக் குடுக்கணும். அப்பப் பாத்துக்கலாம்."

பின்னால் இருந்த இரண்டு மாணவிகள் களுக்கென்று சிரித்தார்கள். தையல்காரரும் சிரித்துவிட்டார். சிரித்ததில் தோள் தளர்ந்தது, கை நடுக்கம் நின்றது. சாவியைத் திருப்பினார். கார் மெல்லக் கிளம்பி, ஒரு தக்காளி வண்டியைச் சுற்றி, ஒரு மிதிவண்டிக்கு வழிவிட்டு, சந்தையைத் தாண்டியது.

"மாஸ்டர், நானா ஓட்டினேன்?"

"பின்ன, நானா? ரெண்டாவது கியருக்கு வாங்க," என்றார் மாஸ்டர்.